ஆள் உள்ளே

பஸ் பொங்கலூரில் நின்றது. கீரைக் கூடையோடு ஏறியவள் கூடையை எங்கே வைப்பது என்று கண்டக்டரோடு வழக்காடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தெய்வசிகாமணியின் வலது கை, அவரைக் கேட்காமலே, பேண்ட் பைக்குள் போய்த் துழாவிவிட்டு வெறுமனே வெளியே வந்தது. ஒன்றும் இல்லை. இருக்கக் கூடாதுதான். முழு நைட்டு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவன் பையில் மில்லுச் சாமான் இருந்தால் கேட்டில் தடவிப் பார்க்கிறவன் முன்னால் மானம் போகும். இல்லாததுதான் சரி. அப்படியானால் இந்த நெஞ்சு எதற்கு இப்படிப் படபடக்கிறது. காலையில் இருந்தது, அதனால்தான். மூன்று பீஸ் கட்டை, வெள்ளைப் பீங்கான், உள்ளங்கை அகலம், நடக்க நடக்கத் தொடையில் இடித்துக்கொண்டு இருந்தது. அந்த இடி இன்னும் தொடையில் இருக்கிறது, கட்டைதான் இல்லை. பிளாண்டைச் சுத்தம் பண்ண ஆறுச்சாமி உள்ளே இறங்குவதற்கு முன்னால் இவரே கரண்ட் பேனலில் இருந்து பிடுங்கிய ஃபியூஸ்கள். பிளாண்ட் என்றால் செடி அல்ல. நூற்புக் கூடத்துக்கு ஈரக் காற்று அடிக்கிற விசிறி அறை. றெக்கை ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு இருக்கும். பஞ்சுத் தூசி அதில் சேறு மாதிரி அப்பிக்கொள்ளும், ஆள் உள்ளே போய் றெக்கைக்கு நடுவில் நின்றுதான் சுரண்டி எடுக்க வேண்டும். அப்போது கட்டையைப் பிடுங்கி உள்ளே போகிறவன் பையிலேயே போட்டுவிடுவது வழக்கம். அது அவன் பையில் கிடக்கிற வரைக்கும் வெளியே எவன் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் றெக்கை அசையாது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, உயிர்ப் பயம் போட்ட சட்டம். இன்றைக்கு ஆறுச்சாமி கிழிந்த டிரவுசரோடு வந்து நின்றார். "பையே இல்லீங் எலக்ட்ரீசனே, ஓட்டைதான் இருக்குது. நீங்களே வெச்சுக்குங்க, என்னைய மறந்தராதீங்க" என்று சிரித்துவிட்டுக் குனிந்து உள்ளே போனார். அவர் உள்ளே இருக்கும்போதே ஷிப்ட் மாறியது. மாற்று ஆள் லோகநாதன் வந்தான். கட்டை அவன் கைக்குப் போயிற்று. போயிற்று அல்லவா. போகாவிட்டால் பையில் இருக்கும். பையில் இல்லை, அதனால் போயிற்று. அவ்வளவுதான், முடிந்தது, கண்ணை மூடு.

கண்ணை மூடினால் சரியாகிவிடுமா. இது புதுசா என்ன. நாலைந்து வருசமாக இதே பாடு. முதலில் ஒரு நாள், பேனல் கதவைச் சாத்தினோமா என்று தோன்றி, பாதி வழியில் இறங்கி எதிர் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார். சாத்தியிருந்தது. அப்புறம் கெப்பாசிட்டர் ரூம், அப்புறம் கார்டிங் மோட்டார், அப்புறம் எதுவென்று இல்லை. ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒழுங்காக இருப்பதைப் பார்த்து ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சு கேட் வரைக்கும் வரும். பஸ் ஏறி உட்கார்ந்ததும், பார்த்தது நிஜமாகப் பார்த்ததுதானா என்று பார்த்த கண்ணின் மேலேயே சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மில்லில் அவருக்கு 'ரிட்டன் டிக்கெட்' என்று பேர் ஆகிவிட்டது. வைத்தவன் லோகநாதன். "ஏனுங்ணா, நீங்க எதுக்குங் ஊட்டுக்குப் போறீங்க? இங்கயே ஒரு பாயப் போட்டுக்குங்க, அண்ணிய வேண்ணா வரச்சொல்லீரலாம்" என்பான், நூல் இணைக்கிற சைடர் பெண்களெல்லாம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் அது பெரிதாகிவிடும். இந்தப் பஸ் கண்டக்டர் வரைக்கும் சங்கதி வந்துவிட்டது. ஏறும்போதே கேட்டான், "அண்ணா, இன்னைக்குக் குண்டடம் வரைக்குமேவா, இல்ல பாதியிலயே எறங்கறதா? சொல்லீட்டா டிக்கெட்டு சரியாக் கிழிப்பேன்." பர்சனல் ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. போன வாரம் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் சொன்னார். ஷிப்ட் முடிஞ்சு நீங்க மறுபடி உள்ளே வர்றது மத்தவங்களுக்குப் பயமா இருக்கு சிகாமணி, எலக்ட்ரீசனே நம்பலைன்னா அப்புறம் யார் நம்புவாங்க, இன்னொரு தடவை வந்தீங்கன்னா குடோன்ல உட்கார்த்தி வெச்சிடறோம், மூட்டை எண்ணிக்கிட்டு நிம்மதியா இருங்க. நிம்மதியா. அந்த வார்த்தையை அவர் பேப்பர் வெயிட் மாதிரி எடுத்து மேசை மேல் வைத்தார். யாரிடமும் படிக்காமல், கருகின மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தானாகக் கற்ற தொழில். ஷாக் அடித்துக் கற்ற தொழில். அதை விட்டு மூட்டை எண்ண வேண்டும். மனைவி வளர்மதியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவளுக்குத் தெரியும். "நீங்க ஊட்டுக்கு வந்து படுத்தாலும் மில்லுல ஆரையோ உட்டுப்போட்டுத்தான் வர்றீங்க" என்று ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். வீட்டில் அவர் கேஸ் அடுப்பை மூட மறக்கிற மனிதர். கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிற மனிதர். அதற்கெல்லாம் ஒரு சந்தேகமும் வருவதில்லை. அது ஏன் என்று அவள் கேட்டாள். அவரும் யோசித்துத்தான் பார்த்தார்.

கோயம்புத்தூரில் இருந்து ஒரு டாக்டரம்மாவை வரவழைத்தார்கள். மன அழுத்த முகாம் என்று கேண்டீனில் பேனர் கட்டினார்கள். ஆளுக்கொரு பலூன் கொடுத்து, உங்க கவலையெல்லாம் இதுக்குள்ள ஊதுங்க, ஊதி விட்டுடுங்க என்றார் அந்தம்மா. எல்லாரும் ஊதி விட்டார்கள். அத்தனை பலூனும் கேண்டீன் முழுக்க அசிங்கமான சத்தம் போட்டுக்கொண்டு பறந்து சாம்பார் வாளிக்குள்ளே ஒன்று, மேஸ்திரி தலையில் ஒன்று என்று விழுந்தன. அப்படி ஒரு சிரிப்பு அந்த மில்லில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இவர் மட்டும் ஊதிவிட்டு முடிச்சுப் போட்டுக் கையில் வைத்திருந்தார். தெரியாமல் செய்தது. முனையைத் திறந்து விட்டுப் பழக்கம் இல்லாத கை. அந்தம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல அம்மா. கேலி இல்லாத கண். "முன்னால ஏதாவது விபத்து நடந்ததா? உங்க கையால?" என்று கேட்டார். இல்லைங்க. "பக்கத்துல யாருக்காவது?" இல்லைங்க. ஒன்றுமே நடக்கலீங்க. அந்தம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். நடந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம். அவருக்கு அன்றைக்கு வாயில் வராதது இப்போது பஸ்ஸில் வருகிறது, அதுதான் பிரச்சினை அம்மா, இத்தனை வருசமாக ஒன்றும் நடக்கவில்லை. நெசவுக்காரன் நெய்ததை மடித்து வைக்கிறான், சமையல்காரன் பொங்கினதைப் பரிமாறுகிறான். என் வேலை என்ன? நடக்காமல் பார்த்துக்கொள்வது. நடக்காததை எங்கே கொண்டுபோய் அடுக்கி வைப்பேன், யாருக்குக் காட்டுவேன். எரியாத ஒயர், விழாத ஆள், சுற்றாத றெக்கை, அத்தனையும் எனக்குள்ளேதான் கிடக்கிறது, ஒவ்வொன்றும் இன்றைக்கு நடந்துவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டு. இதைச் சொல்லியிருந்தால் அந்தம்மா என்ன சொல்லியிருப்பார். சொன்னது இவ்வளவுதான். "சந்தேகம் வந்தா அது கூப்பிட்ட உடனே எந்திரிச்சுப் போகாதீங்க. கொஞ்சம் தள்ளிப் போடுங்க. அடுத்த ஸ்டாப்புக்குத் தள்ளுங்க, அதுக்கு அடுத்த ஸ்டாப்புக்குத் தள்ளுங்க. தானா அடங்கும். அது நாய் மாதிரிதான், ஓடினாத் துரத்தும்." சரி. தள்ளுகிறேன். இதோ, ஒரு ஸ்டாப் போயிற்று, பால் கேன்காரன் இறங்கினான். நாய் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது அம்மா, எனக்குப் பக்கத்து சீட்டில்.

காலையை மறுபடி முதலில் இருந்து பார். மெதுவாக. ஆறுச்சாமி உள்ளே. உள்ளிருந்து சுரண்டுகிற சத்தம், நடுநடுவே பாட்டு. அந்த மனுசனுக்குப் பிளாண்டுக்குள் எப்படித்தான் பாட்டு வருகிறதோ. தகரச் சுவரெல்லாம் சேர்ந்து பாடும். லோகநாதன் தலையைப் படிய வாரி, திருநீறு வைத்து, ஈரத் தலையோடு வந்தான். அவன் வந்து நின்ற இடம் பேனல் ரூம் வாசல், ஸ்பின்னிங் கூடத்துக்குப் பக்கம். அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது. ஆயிரக்கணக்கான நூற்புக் கதிர் சுற்றுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். அதனால் மில்லில் எல்லாவற்றுக்கும் கைப்பாஷை. ஆள்காட்டி விரலைச் சுற்றினால் பாபின் தீர்ந்தது, தோளைத் தட்டினால் மேஸ்திரி வருகிறார், மூக்கைத் தொட்டால் எவளோ ஒருத்தியைப் பற்றிய சங்கதி. பிளாண்டுக்கு இரண்டே கை. மூடினால் ஆள் உள்ளே. விரித்தால் ஆள் வெளியே. மாற்று ஆள் அதையே திருப்பிக் காட்டவேண்டும். இவர் கட்டை மூன்றையும் பையில் இருந்து எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்து நீட்டினார். மூடின கை. ஆள் உள்ளே. சரியாகத்தானே காட்டியிருக்கிறேன். லோகநாதன் கையை நீட்டினான். இவர் கொடுத்தார். கொடுத்தார் என்றால், எப்படிக் கொடுத்தார்? கையை விரித்துத்தானே. விரிக்காமல் எப்படிக் கொடுப்பது.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விரித்துத்தான் கொடுத்தேன். விரித்த கை என்றால் ஆள் வெளியே. முதலில் மூடியதைப் பார்த்தானா, கடைசியில் விரித்ததைப் பார்த்தானா. தலையை ஆட்டினான், அது ஞாபகம் இருக்கிறது, எதற்கு ஆட்டினான். அவன் திருப்பிக் கையை மூடிக் காட்டினானே, அதைத்தான் பார்த்தேனே. ஆனால் அவன் கைக்குள் கட்டை இருந்தது, கட்டையை வாங்கின எவன் கையும் மூடித்தானே இருக்கும். வாங்கினதற்கு மூடினானா, உள்ளே என்பதற்கு மூடினானா. இத்தனை வருசமாக இதைக் கவனிக்காமல் எப்படி இருந்தோம். எப்போதும் கட்டை உள்ளே போகிறவன் பையில்தானே இருக்கும், கை மாற வேண்டி வந்ததே இல்லை. வந்தது இன்றைக்குத்தான், ஒரு கிழிந்த டிரவுசரால். வாயாலும் சொன்னேனே. "உள்ளே" என்றேன். என்றேனா? "உள்ளே" என்றால் உதடு குவியும், "வெளியே" என்றால் கீழுதடு பல்லில் படும். லோகநாதன் என் உதட்டைப் பார்த்தானா. உள்ளே. வெளியே. உள்ளே. கீரைக்காரி கூடையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "ஏனுங், ஒடம்பு சரியில்லீங்ளா? வாயி என்னமோ பண்ணுது?" "ஒண்ணுமில்லீங்மா. தூக்கம்." "தூங்கறதுக்கு வாய எதுக்குங் அசைக்கோணும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவும் நியாயம்தான்.

போன் பண்ணலாம். உள்ளே யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் டைம் ஆபீஸ் அலமாரியில் கிடக்கும். டைம் ஆபீசுக்குப் போட்டு, அங்கிருந்து பேனல் ரூமுக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும். டைம் ஆபீஸ்காரன், யார் ரிட்டன் டிக்கெட்டா, இப்பப் போன்லயே வர ஆரம்பிச்சுட்டீங்களா என்பான். பத்து நிமிசத்தில் பர்சனல் ஆபீசர் காதுக்குப் போகும். குடோன். மூட்டை. நிம்மதி. ஆள் உள்ளே இருந்து, லோகநாதன் கட்டையைப் போட்டுப் பொத்தானை அமுக்கியிருந்தால் இந்நேரம்... இந்நேரம் என்ன, அப்போதே. நான் கேட்டைத் தாண்டும்போதே. நான் பஸ்ஸுக்கு நிற்கும்போதே. அப்படி நடந்திருந்தால் இந்நேரம் போன் வந்திருக்காதா. வரவில்லை, அதனால் நடக்கவில்லை. இல்லை, போன் பண்ண யாருக்கும் கை வந்திருக்காது, ஓடிக்கொண்டிருப்பார்கள். தலை சீட்டுக் கம்பியில் சாய்ந்தது. காதுக்குள் மில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அது நிற்கும், சில நாள் நிற்பதே இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஒரு கண் மூடினால் போதும், அவை கிட்டே வந்துவிடும். றெக்கைக்கு நடுவில் ஒருத்தன் நின்று பாடிக்கொண்டிருப்பான், பாட்டுக்கு வார்த்தை இருக்காது, றெக்கை மெதுவாக, ரொம்ப மெதுவாக, யாரோ தூக்கத்தில் கையைத் தூக்குகிற மாதிரிக் கிளம்பும். அவர் கண்ணைத் திறந்தார். ஆறுச்சாமிக்குப் பேரன் பிறந்து மொட்டை போடப் போகிறார்கள், பழனிக்கு எல்லாரும் வாங்க என்று நேற்றுத்தான் சொன்னார். நேற்றா, இன்றைக்கா. எந்தக் காலை எந்தக் காலை என்றே பிரிக்க முடியவில்லை, எல்லாக் காலையும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, பிரித்தால் கிழிகிறது. மூடின கையை நேற்றுக் காட்டினேனோ என்னமோ. இன்றைக்கு வெறும் விரித்த கை மட்டும்தானோ என்னமோ. "எறங்கோணும்" என்று யாரோ சொன்னார்கள். கண்டக்டர் விசில் அடித்தான். "நெனச்சனுங்ணா" என்று கண்டக்டர் சொன்ன பிறகுதான், சொன்னது தான் என்று அவருக்குத் தெரிந்தது.

அது ஒரு பிரிவு, கிளை ரோடு பிரிகிற இடம். ஒரு பெட்டிக்கடை, ஒரு வேப்பமரம், பெயிண்ட் உரிந்த நிழற்குடை. பஸ் போன பிறகு வந்த அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை. அமைதி என்றால் ஏதோ ஒன்று நின்றுவிட்டது என்று அர்த்தம். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றார். மில் பக்கம் போகிற பல்லடம் பஸ் வரும். ஏறினால் குடோன். ஏறாவிட்டால் ஆறுச்சாமி. இல்லை, ஏறாவிட்டால் ஆறுச்சாமி என்பதுதான் பொய், நீ போய்ச் சேருவதற்குள் எது நடக்க வேண்டுமோ அது நடந்திருக்கும், நீ போவது ஆறுச்சாமிக்காக இல்லை, உனக்காக. உன் நெஞ்சு அடங்குவதற்காக. கேட் வரைக்கும் வரப்போகிற ஒரு மூச்சுக்காக. இதைக் கண்டுபிடித்தது பெரிய விசயமாகத் தோன்றி ஒரு நொடி லேசாக இருந்தது, அப்புறம் அதனால் என்ன என்று இருந்தது. பல்லடம் பஸ் வந்தது. வேகம் குறைந்தது. டிரைவர் அவரைப் பார்த்தான், அவர் டிரைவரைப் பார்த்தார். ஏறவில்லை. கை காட்டவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டிரைவர் ஏதோ திட்டிவிட்டுப் போனான். போனதும், போயிருக்கலாமே என்று பஸ் பின்னாலேயே இரண்டு அடி நடந்தார். நிழற்குடைக்குள் உட்கார்ந்தார். தள்ளிப் போட்டாயிற்று, அம்மா. ஒரு பஸ்ஸையே தள்ளிப் போட்டாயிற்று. இன்னும் அடங்கவில்லை.

போன் அடித்தது. சட்டைப் பையில் அது துடித்தது நெஞ்சே துடித்த மாதிரி இருந்தது. எடுத்துப் பார்த்தார். மில் நம்பர். மில்லில் இருந்து வீட்டுக்குப் போனவனுக்கு யாரும் போன் பண்ணமாட்டார்கள். பண்ணினால் ஒரே ஒரு காரணத்துக்குத்தான் பண்ணுவார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காத வரைக்கும் ஆறுச்சாமி உயிரோடு இருக்கிறார், எடுத்தால் என்ன ஆவாரோ தெரியாது. பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங், போன் அடிக்குதுங்" என்றார், இவருக்குக் காது கேட்காது என்று நினைத்தோ என்னவோ. நின்றது. மறுபடி அடித்தது. விரல் தானாகப் போய்த் தொட்டது.

"ஏனுங்ணா, தூங்கீட்டீங்ளா?"

லோகநாதன். பேனல் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறான்போல, குரலுக்குப் பின்னால் கதிர் ஓடுகிற இரைச்சல். அந்த இரைச்சலுக்கு அடியில் எப்போதும் ஒரு கனமான சத்தம் இருக்கும். அது இல்லை. பிளாண்ட் ஓடவில்லை.

"ஆறுச்சாமி எங்க?"

"இருக்காருங்."

"எங்க இருக்காருன்னு கேட்டேன்."

"வெளியதானுங்ணா. என்ற பக்கத்துலதான் நிக்கறாரு. டீக்குப் போறேன்னாரு. நாந்தான் போவேண்டாம்னு புடிச்சு வெச்சிருக்கேன்."

சிகாமணிக்கு ஒரு பக்கம் மூச்சு வந்தது. இன்னொரு பக்கம், புடிச்சு வெச்சிருக்கேன் என்கிற வார்த்தை முள் மாதிரி நின்றது. "எதுக்குடா புடிச்சு வெச்சிருக்க?"

"நீங்க கையை மூடுனீங்க. பொறகு விரிச்சீங்க. எதை எடுத்துக்கறதுன்னு தெரியிலீங். நீங்க போனதும் போய்க் கூப்புட்டேன், உள்ளதான் இருந்தாரு. முடிச்சுட்டு வெளிய வந்தாரு. நானே கதவச் சாத்துனேன், கட்டையப் போட்டேன். பொத்தான்ல வெரல் வெச்சேன். அமுக்க முடியிலீங்ணா."

"அவருதான் வெளிய வந்துட்டாரே."

"வந்துட்டாருங். என்ற கண்ணு முன்னாலதான் நிக்கறாரு. ஆனா உள்ள ஆரோ இருக்கற மாதிரியே இருக்குது. மறுபடி கட்டையப் புடுங்கீட்டு தொறந்து பாத்தேன். சாத்துனேன். மறுபடி தொறந்து பாத்துச் சாத்தி, கட்டையப் போட்டு வெச்சிருக்கேன். மேஸ்திரி கத்தறாருங்ணா, கூடமே கொதிக்குது, நூலெல்லாம் அறுகுதுன்னு. பீஸு போயிருச்சு, பாக்கறேன்னு பொய் சொல்லி வெச்சிருக்கேன்." குரல் இறங்கியது. "சிரிக்காதீங்ணா."

"சிரிக்கல. எத்தன நாளா இருக்குது இது?"

"உங்களுக்குப் பேரு வெச்சனே, அதுக்கும் முன்னால இருந்துங். நீங்க திரும்பி வருவீங்க. நான் ஊட்லயே உக்காந்துட்டு, ராத்திரி பூரா கரண்டு ஆபீஸ் மாதிரி முழிச்சுட்டு இருப்பேன். உங்களச் சிரிச்சா எனக்குக் கொஞ்சம் கொறையும். அதான்."

போன் கை மாறியது. "ஏனுங் எலக்ட்ரீசனே" என்று ஆறுச்சாமியின் குரல் தகரத்தில் பட்டது மாதிரிக் கணீரென்று வந்தது. "இதென்ன கூத்துங்? டீ குடிக்க உடமாட்டேங்கறான். புதுப்பொண்ணு கையப் புடிச்சாப்புல என்ற கையப் புடிச்சுட்டு நிக்கறான். பாக்கறவீங்க என்ன நெனப்பாங்க?"

"உள்ள நீங்க ஒருத்தர்தான போனீங்க?"

"எனக்குத் தொணைக்கு ஆரு வருவா? பெருச்சாளிகூட வராது."

மறுபடி லோகநாதன். "நீங்க சொல்லுங்ணா. நீங்க போடுன்னா போட்டர்றேன்."

என்னிடமா. உலகத்தில் வேறு யாரும் கிடைக்கவில்லையா. நிழற்குடை, வேப்பமரம், தூரத்தில் அவசரமில்லாத காற்றாலைகள், இங்கிருந்து அந்தக் கதவு தெரியவில்லை, கட்டை தெரியவில்லை, ஆறுச்சாமி நிஜமாகவே கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறாரா என்று தெரியவில்லை, ஒரு குரல் மட்டும் கேட்கிறது, குரலை வைத்து எதைச் சொல்வது. இரு, நான் வருகிறேன், வந்து என் கண்ணால் பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. போய்ப் பார்த்தால் மட்டும் என்ன. இத்தனை வருசமாகப் போய்ப் பார்த்த கண்தானே. அவன் பார்த்துவிட்டான், அவனுக்கும் போதவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நின்று பார்த்தாலும் போதப்போவதில்லை. போதும் என்கிற ஒன்று அந்த மில்லில் எந்த அலமாரியிலும் இல்லை. ஒன்றும் ஆகாதுடா, தைரியமாய் இரு என்று சொல்லலாம். அது பொய், அதை அவரிடம் எத்தனையோ பேர் சொல்லியாயிற்று. அந்தப் பக்கம் ஒருத்தன் விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு, தன்னைவிட மோசமாகப் பயப்படுகிற ஒரே ஆளிடம் கேட்டு நிற்கிறான். கேட்கத் தகுந்த ஆளிடம்தான் கேட்கிறான் என்று ஒரு நொடி தோன்றியது.

"ஆறுச்சாமி கைய உட்டுறாத," என்றார். "புடிச்சுட்டே இரு. போனத் தோள்ல இடுக்கீட்டு இன்னொரு கைல போடு."

"போட்டரட்டுங்ளா?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தெடுத்தார்.

"போடு."

ஒரு கிளிக். அப்புறம் ஒன்றும் இல்லாத ஒரு நீளமான இடம், அதற்குள் அவர் பார்க்க வேண்டாத எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். அப்புறம் இரைச்சலுக்கு அடியில் இருந்து, மெல்ல, அந்தக் கனமான சத்தம் எழுந்தது. ஏறியது. நிறைந்தது. அதற்கு மேலே ஆறுச்சாமி, துண்டு பறக்குதுடோய் என்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.

"ஓடுதுங்ணா," என்றான் லோகநாதன். அழுகிறானா, மூச்சு வாங்குகிறானா, தெரியவில்லை. "கேக்குதுங்ளா? போன வெச்சரட்டுங்ளா?"

குண்டடம் போகிற பஸ் ஒன்று வந்து நின்று, இவர் அசையாததைப் பார்த்துவிட்டுக் கிளம்பிற்று.

"இரு லோகு," என்றார். "சித்தெ நேரம் ஓடட்டும்."